தொண்டு ஊருக்கு; பேச்சு யாருக்கு?

தமிழகத்தின் ஏதேனும் ஒரு சிறுநகருக்குள் நுழையும் சாலையில், ஊர்ப்பெயர்ப் பலகையை அடுத்து, பற்களையுடைய ஓர் உருளை பொறித்த பலகையோ, இருபுறமும் நோக்கும் அரிமா முகங்கள் பொறித்த பலகையோ நிற்பதைக் காணலாம். முன்னது உரோட்டரி எனப்படும் சுழற்கழகத்தின் அடையாளம். பின்னது அரிமாக் கழகத்தின் அடையாளம். கண்ணாய்வு முகாம், குருதிக்கொடை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு, ஆதரவற்ற பெண்களுக்குத் தையற்பொறி, நடக்க இயலாதார்க்கு உருளை நாற்காலி, பேருந்து நிலையத்தில் குடிநீர்த் தொட்டி என இக்கழகங்கள் செய்துவரும் நற்பணிகள் பல. அவற்றை நாம் மறுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தம் பொழுதையும் பொருளையும் பிறர்க்கென ஒதுக்கும் எவரையும் பழித்தல் தமிழ்நெறி ஆகாது.

ஆயினும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. தமிழூரில், தமிழ் மக்களுக்கெனச் செய்யப்படும் தொண்டைப் பற்றித் தமிழரே கூடிப் பேசும் அந்த மாலைக் கூட்டம் எம்மொழியில் நடைபெறுகின்றது? பற்பல ஊர்களில் இதற்கு விடை ஆங்கிலம் என்பதே. இதனை மொழிப்பற்றாளர் சிலரின் மனக்குறை என்று தள்ளிவிட வேண்டா. தொண்டு தொண்டாக நிற்பதும், கொடுப்பவர்தம் காட்சியாகத் திரிந்து போவதும் இவ்வொன்றைப் பொறுத்தே அமைகின்றன என்பதே நாம் இங்குக் கூற விழைவது.

கூட்டம் நடக்கும் முறை

அழைப்பிதழில் மாலை ஆறரை மணி என்றிருக்கும். தலைவர் மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கும்போது ஏழரை ஆகியிருக்கும். இறைவணக்கம், வரவேற்பு, செயலர் அறிக்கை என்று நிரல் நகரும். அத்திங்களில் பிறந்தநாளும் மணநாளும் காணும் உறுப்பினர் வாழ்த்தப்பெறுவர். மாவட்ட ஆளுநர் வந்திருப்பாராயின் அவரைப் பற்றிய அறிமுகமே கால்மணி நேரம் ஓடும். பொன்னாடைகள் போர்த்தப்படும். பின்னர்ச் சிறப்பு விருந்தினர் உரை. அதன்பின் உதவி வழங்கல். அதன்பின் நன்றியுரை, நாட்டுப்பண், விருந்து.

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்படுவதும் உண்டு. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட பிறகு, எல்லாரும் எழுந்து நிற்கவும் செய்கின்றனர். பாட்டு முடிந்து அமர்ந்தவுடன் தமிழும் முடிந்துவிடுகின்றது! அடுத்து ஒலிபெருக்கியில் எழுவது ஆங்கிலம்.

இதில் ஒரு முரண்பாட்டை நம் அன்பர்கள் நோக்க வேண்டும். 'இலயன்சு' என்னும் பெயரை 'அரிமா' என்று தமிழாக்கிக் கொண்டவர்கள் இவர்களே. எவரும் வற்புறுத்தாமலே அச்சொல் நிலைத்தது. இன்று அழைப்பிதழ்களில் உறுப்பினர்தம் பெயருக்கு முன் 'அரிமா' என்றே பெருமையுடன் அச்சிடுகின்றனர். தூய தமிழ்ச்சொல் வழக்கில் ஏறாது என்பார்க்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமா? பெயர் தமிழாயிற்று, பேச்சுத்தான் இன்னும் தமிழாகவில்லை.

'அரிமா நோக்கம்' என்று நன்னூலில் ஒரு தொடர் உண்டு. முன்னும் பின்னும் திரும்பி நோக்கி நடப்பது அரிமாவின் இயல்பு. அதுபோல் முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் தழுவி நிற்கும் நூற்பா நிலைக்கு அப்பெயர் இட்டனர் இலக்கண நூலார். அரிமாக் கழகத்தின் முத்திரையிலும் இரு முகங்கள் இருபுறம் நோக்குகின்றன. நம் ஊர் மேடைகளில் அமர்ந்துள்ள அரிமாக்களோ முன்வரிசையை மட்டுமே நோக்குகின்றனர். உதவி பெற வந்து பின்வரிசையில் அமர்ந்திருப்பவரை நோக்குவதில்லை. நோக்கியிருப்பின், அவர்க்கு விளங்காத மொழியில் இரண்டு மணிநேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

இவை தோன்றிய வரலாறு

1905-ஆம் ஆண்டு பிப்பிரவரி 23-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நால்வர் ஓர் அலுவலக அறையில் கூடினர். அழைத்தவர் பால் ஆரிசு என்னும் வழக்கறிஞர். மற்றவருள் ஒருவர் நிலக்கரி வணிகர். ஒருவர் சுரங்கப் பொறிஞர். ஒருவர் தையல்தொழில் நடத்தியவர். ஆரிசு சிற்றூரில் வளர்ந்தவர். பெருநகரின் கூட்டத்துக்கு நடுவில் தனிமையுற்றவர். தாம் வளர்ந்த ஊரில் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைத்து, நலம் கேட்டு, இடர் வந்தபோது கைகொடுத்த அந்த நட்பை நகரிலும் காண வேண்டும் என்பதே அவர் வேட்கை. கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைமாற்றிச் சுழன்று நடந்தமையால் 'சுழல்வது' என்னும் பொருளில் உரோட்டரி என்று பெயரிட்டனர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அவர்கள் அன்று வகுத்துக்கொண்ட நெறி. அவர்கள் ஊர்க்கெனச் செய்த முதற்பணிகளுள் ஒன்று என்ன தெரியுமா? 1907-இல் சிக்காகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்க முன்னின்றதே அது. மேடையேற்றிப் படம் எடுத்துக்கொள்ளத் தக்க பணியன்று. ஆனால் தெருவில் நடப்பவனுக்கு உண்மையில் தேவைப்பட்ட பணி.

அதே சிக்காகோவில் 1917-இல், காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் சோன்சு என்பார் முயற்சியால் அரிமாக் கழகங்கள் ஒன்றிணைந்தன. வணிகர் தமக்குள் வளம் பெருக்கிக் கொள்வதோடு அமையாது ஊர்க்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1925-இல், கண்ணும் செவியும் இழந்தும் கல்வியிற் சிறந்த எலன் கெல்லர் அம்மையார் அவர்தம் மாநாட்டில் தோன்றிப் பார்வையற்றோர்க்காகப் போராட வருமாறு அழைத்தார். அன்றிலிருந்து கண்நலம் அக்கழகத்தின் தலையாய பணியாயிற்று.

இவ்விரண்டும் அவ்வூர் மக்கள் தம் தாய்மொழியில் பேசிக்கொண்டே தொடங்கிய கழகங்கள் என்பதை நினைவிற்கொள்க. அவர்கள் ஆங்கிலத்தில் பேசியது ஆங்கிலம் உயர்ந்த மொழி என்பதனாலன்று. அது அவர்தம் தெருவின் மொழி என்பதனாலேயே.

இந்தியாவுக்குள் சுழற்கழகம் நுழைந்தது வேறு வகையில். 1919-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டபோது அதில் நிறைந்திருந்தோர் ஐரோப்பிய வணிகரே. சென்னையில் 1929-இல் கிளை அமைந்தது. அந்நாளில் ஆட்சியும் வணிகமும் ஆங்கிலத்தில் நடந்தன. எனவே கூட்டமும் ஆங்கிலத்தில் நடந்தது. 1947-இல் ஆங்கிலேயர் சென்றனர். 1956-இல் மும்பையில் முதல் அரிமாக் கழகம் தோன்றியபோது ஆளவந்தார் எவரும் இங்கில்லை. ஆயினும் கூட்டமொழி மட்டும் மாறவில்லை. சிற்றூரின் நட்பைத் தேடித் தோன்றிய ஒரு கழகம், நம் நாட்டில் சிற்றூரானை வெளியே நிறுத்தும் கழகமாக மாறியதற்குக் கரணியம் இதுவே. கழகத்தின் கொள்கையில் குறையில்லை. வந்தவழியில் ஒட்டிய குறை இது.

பின்வரிசையில் இருந்த பெண்

காவிரிப் படுகையின் ஒரு சிறுநகரில் இத்தகைய கூட்டமொன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் அழைக்கப்பட்டோம். குறள்நெறி பற்றிப் பத்து நிமையம் பேச வேண்டும் என்பது அழைப்பு. நம் பேச்சு முடிந்து பின்புறம் சென்று அமர்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் முப்பத்தைந்து அகவை மதிக்கத்தக்க ஒரு பெண், சிறுமகளை மடியில் சாய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தையற்பொறி பெறுவதற்கென ஆறு மணிக்கே வரச்சொல்லியிருந்தனர். மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்தம் சிற்றூருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து ஒன்பது பத்துக்கு.

மேடையில் செயலர் அப்பெண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். கணவன் விட்டுச் சென்றதையும், வீட்டில் பட்ட அடியையும், கடன்பட்டதையும் விரிவாக எடுத்துரைத்தார். அவையினர் இரங்கினர், சிலர் கைதட்டினர். அப்பெண்ணுக்குத் தம் பெயர் ஒன்றுதான் விளங்கிற்று. நம்மை நோக்கி, "ஐயா, என்னைப் பற்றி என்னங்க சொல்கிறார்கள்?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னோம். அவர் தலை கவிழ்ந்தது. "அதை ஏங்க இங்கே சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கூறினார்.

தையற்பொறி கிடைத்தது. படம் எடுக்கப்பட்டது. பேருந்து போய்விட்டது. கழகத்து உறுப்பினர் ஒருவரே இரங்கித் தம் சரக்கு வண்டியில் தாயையும் மகளையும் பொறியையும் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டார். கெட்ட மாந்தர் எவரும் அங்கில்லை என்பதை வற்புறுத்திச் சொல்கின்றோம். அச்செயலர் நல்லவர், இரக்கமுடையவர். அதே செய்தியைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தால், அப்பெண் கேட்டுக்கொண்டிருக்கின்றார் என்னும் உணர்வு அவர் நாவைத் தடுத்திருக்கும். ஆங்கிலத்தில் பேசியதால் அவர் எதிரிலேயே இல்லை என்பதுபோல் பேச இயன்றது. ஒருவரைப் பற்றி அவர் முன்னிலையிலேயே அவர் அறியாதவாறு பேசுவதற்கு வழிசெய்யும் மொழி, தொண்டின் மொழியாக எவ்வாறு இருத்தல் கூடும்?

அவர்தம் நான்கு கேள்விகள்

சுழற்கழகத்தார் போற்றும் நால்வகைத் தேர்வு ஒன்றுண்டு. எர்பர்ட்டு டெய்லர் என்பார், நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஓர் ஏன நிறுவனத்தைக் காப்பதற்காக 1932-இல் வகுத்த நான்கு கேள்விகள் அவை. 1943-இல் கழகம் அவற்றைத் தன்னுடையனவாக ஏற்றது. எண்ணுவது, சொல்வது, செய்வது எதுவாயினும் அது உண்மையா, தொடர்புடைய எல்லார்க்கும் நேர்மையா, நட்பை வளர்ப்பதா, எல்லார்க்கும் நலம் தருவதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கேள்விகள் நல்லவை. அவற்றைக் கொண்டே அவர்தம் மாலைக் கூட்டத்தை அளந்து பார்ப்போம்.

முதலாவது, உண்மை. செயலர் அறிக்கையில் எத்தனை பொறி, எத்தனை நாற்காலி, எத்தனை குறிப்பேடு என்னும் எண்ணிக்கை இருக்கும். கொடுத்தது எத்தனை என்பது கொடுத்தவர்க்குத் தெரியும். பயன்பட்டது எத்தனை என்பது பெற்றவர்க்குத்தான் தெரியும். தையற்பொறி வாங்கியவர்க்குத் துணி தைக்கக் கொடுப்பார் உளரா? உருளை நாற்காலி அவர் வீட்டு வாயிற்படியில் ஏறுமா? பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் தண்ணீர் வருகின்றதா? இவற்றைச் சொல்ல வேண்டியவர் பின்வரிசையில் வாயடைத்து அமர்ந்திருக்க, அறிக்கையில் உண்மை பாதியே இருக்கும்.

இரண்டாவது, நேர்மை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது பழைய நெறியாயின், எம் ஊரின் நெசவாளர் எங்கே? மட்கலம் வனைபவர் எங்கே? மீன்பிடிப்பவர் எங்கே? உழவர் எங்கே? உறுப்பினர் கட்டணம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை ஆங்கிலம். நூறு பேருக்கு வேலை கொடுக்கும் செங்கற்சூளைக்காரர் ஒருவர், தமக்கு ஆங்கிலம் வாராமையால், சேர்ந்த இரண்டாம் திங்களிலேயே கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிடுகின்றார். வந்தாலும் நன்கொடை கேட்கும்போது மட்டும் அவர் பக்கம் திரும்புகின்றனர். தமிழாசிரியனோ இறைவணக்கம் பாடவும் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொடுக்கவும் வேண்டப்படுகின்றான். இது நேர்மையா?

மூன்றாவது, நட்பு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரினர். பகலில் கடைத்தெருவில் 'என்னண்ணே', 'வாங்கம்மா' என்று பேசிக்கொள்பவர். மாலையில் ஒரு கூரையின்கீழ் வந்ததும் ஒருவர் பேசுகின்றார், மற்றவர் விழிக்கின்றார். நட்புக்கு முதல் தேவை பேசவும் கேட்கவும் இயலுதல். அதையே அறுத்துவிட்டு நட்பை எங்ஙனம் வளர்ப்பது?

நான்காவது, நலம். இதில்தான் மொழியின் வேலை கண்ணெதிரே விளங்குகின்றது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணைக் கசக்கலாகாது, தண்ணீர் படலாகாது, சொட்டு மருந்தை இத்தனை முறை இடவேண்டும், சிவந்தாலோ வலித்தாலோ உடனே வரவேண்டும். இந்நான்கு செய்தியும் மூதாட்டிக்கு விளங்கினால் அறுவை வெல்லும். விளங்காவிடின் திறமான அறுவையும் வீணாகும். மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிலையை எய்தியமைக்கு அறுவைத்திறன் மட்டுமன்று, சிற்றூர்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்ட பெண்கள் நோயாளிகளுடன் அவர்தம் பேச்சிலேயே பேசி அச்சம் நீக்குவதும் ஒரு கரணியம். அம்மருத்துவமனையின் ஊர்ப்புற முகாம்களை முன்னின்று ஏற்பாடு செய்தோருள் இக்கழகத்தாரும் உளர். முகாமில் தமிழால் விளைந்த வெற்றியை மாலைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பாராட்டிக் கொள்வதுதான் விந்தை!

இன்னொரு சான்றும் காட்டுவோம். இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றே ஒழிப்பதெனச் சுழற்கழகம் 1985-இல் பெருமுயற்சி தொடங்கியது. இந்தியாவில் 1995 முதல் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கப்பட்டது. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் அவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதே கடைசி நோய். 2014 மார்ச்சு 27-இல் இந்நாடு அந்நோய் நீங்கிய நாடென்று உலக நலவாழ்வு அமைப்புச் சான்றளித்தது. இது மாந்த வரலாற்றில் பொறிக்கத்தக்க வெற்றி. அதில் சுழற்கழகத்தார்க்குள்ள பங்கை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். இவ்வெற்றி எம்மொழியில் வந்தது? நம் ஊர்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் தமிழில் கூவின. ஊர்ப்பெண்கள் வீடுவீடாகச் சென்று தமிழில் பேசினர். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் மக்கள் மருந்தை ஐயுற்று மறுத்தபோது, அவ்வூர்ப் பெண்களும் இசுலாமியச் சமயச் சான்றோரும் அம்மக்கள்தம் மொழியில் பேசியே ஐயம் நீக்கினர். ஆங்கிலச் சொற்பொழிவு எதுவும் ஒரு தாயின் கதவைத் திறக்கவில்லை.

மறுப்புகளும் விடைகளும்

"இவை உலகக் கழகங்கள், உலகமொழி வேண்டாவா?" என்பர். உலகக் கழகம் என்பதனாலேயே ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியில் நடத்துகின்றனர். தோக்கியோவில் 1920-இல் சுழற்கழகம் தொடங்கிய சப்பானியர், 1930-களிலேயே தம் மொழியில் கழகப் பாடல் யாத்துக்கொண்டனர். இன்றும் கூட்டந்தோறும் தம் மொழியில் பாடித் தம் மொழியிலேயே பேசுகின்றனர். பிரான்சில் பிரெஞ்சிலும், பிரேசிலில் போர்த்துக்கேயத்திலும் கூட்டம் நடக்கின்றது. அரிமாக் கழகத்தின் அலுவல் மொழிகளாக ஆங்கிலத்தோடு வேறு பல மொழிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பின்னிய மொழி. பின்லாந்தின் மக்கள் தொகை அரைக் கோடியைச் சிறிதே தாண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடி. அவ்வரிசையில் பின்னியம் உண்டு, தமிழ் இல்லை. குற்றம் எவருடையது? பின்னியர் தம் மொழியில் பேசினர், எனவே கேட்டனர், எனவே பெற்றனர். நாம் பேசவே இல்லையே!

"உறுப்பினருள் பிறமொழியாளரும் உளர், அவர்க்காக ஆங்கிலம்" என்பர். நம் ஊர்களில் நகைக்கடையும் அடகுக்கடையும் துணிக்கடையும் நடத்தும் பிறமொழி வணிகர் பகலெல்லாம் எம்மொழியில் விற்கின்றனர்? நம்மினும் திருத்தமாகத் தமிழில் விலை பேசுகின்றனர். பகலில் வாணிகத்துக்கு உதவும் தமிழ் மாலையில் தொண்டுக்கு உதவாதா?

"மேலிடத்துக்கு அறிக்கை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும்" என்பர். அனுப்புக. ஒரு தாள் ஆங்கில அறிக்கைக்காக ஒரு மாலை முழுதும் ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை.

"இளைஞர் ஆங்கிலத்தில் மேடையேறிப் பழக இஃதொரு வாய்ப்பு" என்பர். பழகட்டும், அதற்கெனத் தனி நாள் வைத்துக்கொள்க. ஏழையின் துயரைப் பயிற்சிப் பாடமாக்க வேண்டா.

"கழக நெறிகள் மாறா" என்பாரும் உளர். மாறியுள்ளனவே! பெண்களைச் சேர்த்ததற்காக ஒரு கிளையையே நீக்கிய கழகம், 1987-இல் அமெரிக்காவின் தலைமை அறமன்றம் தீர்ப்பளித்தபின், 1989-இல் உலகெங்கும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. கிழமைதோறும் கூடியே ஆக வேண்டும் என்னும் நெறியும் 2016-இல் தளர்த்தப்பட்டது. அவையெல்லாம் உறுப்பினர் கேட்டதனால் வந்த மாற்றங்கள். தமிழில் பேசுவதற்கோ எந்நெறியையும் மாற்ற வேண்டியதில்லை. வாயைத் திறந்தாற் போதும்.

நம் முன்னோர் செய்த முறை

குறளில் 'ஒப்புரவறிதல்' ஓர் அதிகாரம். 'ஈகை' அதனை அடுத்த அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் வேறுபிரித்து வைத்ததில் பொருளுண்டு. ஈகை இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து, ஊரில் ஒருவனாக நின்று செய்வது. அதனாலேயே ஒப்புரவாளனுக்கு ஊருணியையும், உள்ளூர்ப் பயன்மரத்தையும், மருந்துமரத்தையும் உவமை காட்டினார். மூன்றும் ஊருக்கு நடுவில் நிற்பவை; எவரும் அணுகத் தக்கவை. ஊருணி வேற்றுமொழியில் பேசி எவரையும் மிரட்டுவதில்லை. இக்கழகங்கள் தம் பெயரளவில் விரும்புவது ஒப்புரவு. தம் கூட்டத்தால் செய்வது வெறும் ஈகை.

பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராட்சி நடந்த முறையை விரிக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், குடவோலையால் தேர்வு, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. அது பார்ப்பனர் குடியிருப்பு; அவ்வவையில் எல்லார்க்கும் இடமில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் அவர்களே தம் நெறிகளைச் சுவரில் தமிழெழுத்திற் பொறித்து வைத்தனர். ஆயிரத்து நூறாண்டுக்கு முன் ஊர்ப்பணியின் சட்டம் கற்சுவரில் தமிழில் நின்றது. இன்று ஊர்த்தொண்டின் கணக்கு ஆங்கிலத்தில் தட்டச்சாகி நிலைப்பேழைக்குள் உறங்குகின்றது!

செய்ய வேண்டியவை

நம் அன்பர்களுள் இக்கழகங்களில் உறுப்பினராயிருப்போர் பலர். வெளியேறி நின்று வசை பாடுமாறு அவர்களை நாம் தூண்டவில்லை. உள்ளிருந்தே திருத்துமாறு வேண்டுகின்றோம். இக்கழகங்களின் ஆண்டு சூலை முதல் நாள் பிறக்கின்றது; அன்று புதிய தலைவரும் செயலரும் பொறுப்பேற்கின்றனர். அதற்கு முன் கீழ்க்காணும் ஆறினையும் கழகத்தின் முன் வைத்து முடிவு பெறுக.

ஒன்று, அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் தமிழில் அமைக.

இரண்டு, உதவி பெற வருவோர்க்கு உரியதை நிரலின் முதலில் வைத்து, அவர்தம் கடைசிப் பேருந்துக்கு முன் அனுப்புக. பாராட்டும் பொன்னாடையும் அதற்குப்பின் விடியும்வரை நடக்கட்டும்.

மூன்று, எவருடைய குடும்பத் துயரையும் மேடையில் விரிக்கற்க. அவர் பேச விரும்பினால் ஒலிபெருக்கியை அவரிடம் தருக. விரும்பாவிடின் வணங்கி அனுப்புக.

நான்கு, செயலர் அறிக்கையைத் தமிழில் எழுதி, விழாச் செலவையும் தொண்டுச் செலவையும் அருகருகே காட்டி, ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.

ஐந்து, மருத்துவ முகாம்களில் தரும் அறிவுரைத் தாள் பெரிய எழுத்தில், எளிய தமிழில் இருக்க வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படித்தும் காட்ட வேண்டும்.

ஆறு, ஆண்டுக்கு இருவரையேனும் உழவர், நெசவாளர், கைவினைஞர் ஆகியோரிலிருந்து கட்டணம் குறைத்து உறுப்பினராக்குக. அவர் தமிழில் பேசுவர். கூட்டமும் தானே தமிழாகும்.

இங்கு நம்மவர்க்கும் ஒரு சொல். ஆங்கிலத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் எவர்க்கும் விளங்காத கடுந்தமிழை வைப்பது இதற்கு மாற்றாகாது. நிகண்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூதாட்டியிடம் பேசினால் அவருக்கு அதுவும் ஆங்கிலமே. தூய்மையும் வேண்டும், தெளிவும் வேண்டும். தலைவர், செயலர், பொருளர், ஆளுநர், அறிக்கை, நன்றியுரை என எல்லார்க்கும் விளங்கும் சொற்கள் நம்மிடம் குறைவின்றி உள்ளன. அவற்றை நாவால் ஒலித்தலே நம் பணி.

சுழற்கழகத்தின் உருளை முத்திரையைப் பற்றி இறுதியாக ஒன்று கூறுவோம். பழைய முத்திரையில் அவ்வுருளைக்குப் பற்கள் இருந்தன, ஆரங்கள் இருந்தன, ஆனால் நடுத்துளையில் அச்சுத்தண்டோடு பிணைக்கும் ஆப்புக்குரிய காடி இல்லை. அஃதில்லாத உருளை எவ்வளவு சுழன்றாலும் தண்டு சுழலாது, எவ்வேலையும் நடவாது. பொறியறிந்த உறுப்பினர் இக்குறையை எடுத்துக்காட்ட, 1920-களில் அக்காடியையும் வரைந்து சேர்த்தனர். நம் ஊர்க் கழகங்களின் உருளையும் இன்று ஓயாது சுழன்றுகொண்டுதான் இருக்கின்றது. ஊரோடு பிணைக்கும் காடி மட்டும் அதில் இல்லை. அக்காடி தமிழே! அதனை வெட்டிச் சேர்க்கும் உளி உறுப்பினராகிய உங்கள் கையில் உள்ளது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று முதற்சொல்லைத் தமிழில் சொல்லுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். தொண்டு அங்குத் தொடங்கும்.